பயிற்சிக் கலாசாலை காணாத ஆசிரியர்: சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர்

நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்ட கேள்விதான் என்னை இந்தப் புலவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடப் படிப்பு முடிந்து, மூன்றாம் வருடக் கட்டுறு பயிற்சிக்காக ஒரு கிராமப் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்று தமிழ்ப் பாடம். நில், கல், சொல் என்று மூன்று வினைகளைக் கரும்பலகையில் எழுதி, அவற்றின் இறந்தகால வடிவங்களை எழுதச் சொன்னேன். நின்றான், கற்றான், சொன்னான் என்று எல்லாப் பிள்ளைகளும் சரியாகவே எழுதினார்கள். வீட்டில் பேசுகிற சொற்கள்தானே. பாடக்குறிப்பின்படி அடுத்த செயற்பாட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் பின்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்தது. மூன்று சொல்லும் ல் என்ற எழுத்தில்தான் முடிகின்றன, பிறகேன் மூன்றும் மூன்று விதமாக மாறுகின்றன என்று கேட்டது.

என் பாடக்குறிப்பில் நோக்கம் இருந்தது, நேரப் பங்கீடு இருந்தது, கணிப்பீட்டுத் தாளும் இருந்தது. இந்தக் கேள்விக்கு மறுமொழி மட்டும் இருக்கவில்லை. அது அப்படித்தான், இரு என்று சொல்லிவிட்டேன். பிள்ளை இருந்துவிட்டது. அதற்குப் பிறகு அன்று முழுவதும் அது வேறொன்றும் கேட்கவில்லை.

பின்னேரம் சுன்னாகத்துக்கு வந்து அம்மப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஐம்பதுகளில் திருநெல்வேலி சைவாசிரிய கலாசாலையில் பயின்று வந்த தமிழாசிரியர். மறுமொழி தெரியாமல் நின்றது குற்றமில்லை, பிள்ளையை இருக்கச் சொன்னதுதான் குற்றம் என்றார். பிறகு, வினைச்சொற்களின் பகுதிகளைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதிய மனிதர் எங்கள் ஊரில் வாழ்ந்தவர், தெரியுமா என்று கேட்டார். எனக்குப் பெயர் மட்டும் தெரியும். சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர். ஊர்ப் பெருமை சொல்லும் மேடைகளில் மற்றப் பெயர்களோடு சேர்ந்து வந்து போகும் ஒரு பெயர். அவர் ஓர் ஆசிரியர் என்பதோ, வாழ்நாளில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கழித்தவர் என்பதோ எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதன்பிறகு அவரைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அவருடைய மகன் முத்துக்குமாரசுவாமிப்பிள்ளை தந்தையின் வரலாற்றை ஒரு நூலாகவே எழுதி வைத்திருக்கிறார். ஆசிரியத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு இந்த வாழ்க்கையில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. கேள்வி கேட்கவும் சில இடங்கள் இருக்கின்றன. இரண்டையும் இங்கே சொல்கிறேன்.

ஊரே பள்ளிக்கூடமாக இருந்த காலம்

குமாரசுவாமி 1854 ஜனவரி 18 அன்று சுன்னாகத்தில் பிறந்தார். தந்தை அம்பலவாணர், தாய் சிதம்பர அம்மையார். அந்தக் காலச் சுன்னாகத்தைத் தோட்டங்களும் சந்தையும் மட்டும் உள்ள ஊராக நினைத்துவிடக்கூடாது. அவர் பிறப்பதற்கு மூன்று வருடங்களுக்கு முன்புதான் முத்துக்குமார கவிராயர் காலமாகியிருந்தார். முருகேச பண்டிதரும் நாகநாத பண்டிதரும் ஊரிலேயே இருந்தார்கள். ஒருவர் தமிழில் வல்லவர், மற்றவர் வடமொழியில் வல்லவர்.

அக்காலத்துப் பிள்ளையின் படிப்பு ஏடு தொடக்குவதில் ஆரம்பிக்கும். மணலில் விரலால் எழுதி எழுத்துப் பழகும். பிறகு ஓலை, எழுத்தாணி. அரிச்சுவடியும் எண்சுவடியும் முடிந்தால் நீதிநூல்கள், நிகண்டு என்று மனனம் போகும். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பான், சட்டம்பியார் எல்லாவற்றையும் மேற்பார்வை செய்வார். இந்த முறையை மட்டமாக நினைக்கத் தேவையில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் இருந்த அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், தமிழ்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு, அதைத் தன் பள்ளியில் கையாண்டார். பின்னர் இங்கிலாந்துக்குப் போய் மெட்ராஸ் முறை என்று அதைப் பரப்பினார். ஆசிரியர் பயிற்சி என்ற எண்ணம் ஐரோப்பாவில் வேர்விட்டதில் எங்கள் திண்ணைகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

குமாரசுவாமி மல்லாகத்தில் இருந்த ஆங்கிலப் பாடசாலையிலும் படித்தார். அந்தப் படிப்போடு நின்றிருந்தால் கந்தோரில் ஓர் எழுதுவினைஞராகப் போயிருக்கலாம். அந்த நாட்களில் ஆங்கிலம் தெரிந்த இளைஞன் தேடிய வழி அதுதான். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. முருகேச பண்டிதரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களையும், நாகநாத பண்டிதரிடம் வடமொழியையும் படித்தார்.

இந்தப் படிப்புக்குத் தவணை இல்லை, சான்றிதழ் இல்லை. ஆசிரியர் வீட்டுக்குப் போய், அவர் சொல்லும் பொருளைக் கேட்டு, ஒரு நூலை முதலில் இருந்து முடிவு வரை அவரோடு படிப்பது. சந்தேகம் வந்தால் உடனே கேட்பது. அவரும் தெரியாவிட்டால் தெரிந்த இன்னொருவரிடம் போவது. குமாரசுவாமி ஆறுமுக நாவலரிடமும் போய்வந்தார். நாவலரின் கடைசி வருடங்கள் அவை. ஒரு பொருளைப் பிழையின்றி அறிவதும், அதைத் தெளிந்த வசனத்தில் சொல்வதும் வேறுவேறு வேலைகள் என்பதை யாழ்ப்பாணத்துக்குக் காட்டியவர் நாவலர். அவருடைய பாலபாடங்கள் அந்த எண்ணத்தில் எழுந்தவைதான். அந்த நிழலில்தான் குமாரசுவாமி ஆசிரியராகத் தயாரானார்.

இருபத்து நான்கு வயதில் வகுப்பறை

1878இல், இருபத்து நான்கு வயதில், ஏழாலைச் சைவப்பிரகாச வித்தியாசாலையில் ஆசிரியரானார். ஏழாலை, சுன்னாகத்துக்குப் பக்கத்து ஊர். மறுவருடம் டிசம்பரில் நாவலர் மறைந்தார்.

அந்தக் காலத்தில் ஒரு சைவப் பாடசாலையை நடத்துவது இலகுவான காரியம் இல்லை. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்து உதவிநன்கொடை கொடுக்கும் முறை அடுத்த வருடமே வந்துவிட்டது. பரிசோதகர் வருவார், பிள்ளைகளைச் சோதிப்பார், தேறியவர்களின் தொகைக்கு ஏற்பப் பணம் வரும். மிசனரிமாரிடம் பாடசாலைகளும் இருந்தன, ஆசிரியர்களைப் பயிற்றும் இடங்களும் இருந்தன. உடுவில் பெண்கள் பாடசாலை 1824இலேயே தொடங்கிவிட்டது. தெல்லிப்பழையிலும் கோப்பாயிலும் மிசன் பயிற்சிக்கூடங்கள் இருந்தன. சைவப் பாடசாலைகளுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. அவற்றுக்கு ஆசிரியர் வேண்டுமானால், பண்டிதர் ஒருவரிடம் பாடம் கேட்ட இளைஞனைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். குமாரசுவாமி அப்படி வந்தவர்.

வந்தவர் அசையவில்லை. கிட்டத்தட்ட இருபது வருடங்கள் ஏழாலை. 1902இல் வண்ணார்பண்ணைக்குப் போய், நாவலர் 1848இல் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையின் தலைமையாசிரியரானார். காங்கேசன்துறையில் இருந்து யாழ்ப்பாணம் ஊடாகச் சாவகச்சேரி வரை முதன்முதல் புகையிரதம் ஓடியதும் அதே வருடம்தான். சுன்னாகத்துக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. ஊர் பட்டினத்துக்கு அருகே வந்தது, எங்கள் புலவரும் பட்டினத்து ஆசிரியரானார்.

பாடம் சொல்லப் பிறந்த நூல்கள்

அவர் எழுதியவற்றின் பட்டியல் நீளமானது. அதைப் புலமையின் பட்டியலாகவே எல்லோரும் சொல்வார்கள். வகுப்பில் நிற்கும் எனக்கு அது வேறு விதமாகத் தெரிகிறது. யாப்பருங்கலக்காரிகை, தண்டியலங்காரம், அகப்பொருள் விளக்கம், வெண்பாப்பாட்டியல், நீதிநெறி விளக்கம் ஆகியவற்றுக்கு அவர் உரை எழுதினார். இவை எல்லாமே தமிழ் முறையாகப் படிக்கிற மாணவன் கடந்துபோக வேண்டிய நூல்கள். அவற்றுக்குப் பழைய உரைகள் ஏற்கெனவே இருந்தன. இருந்தும் புதிதாக எழுதியதற்குக் காரணம், முன்னால் இருக்கும் மாணவனுக்குப் பழைய உரை போதவில்லை என்று பாடம் சொல்லும்போது கண்டதுதான் என்று நான் நினைக்கிறேன். உரை எழுதுவது என்பது, இந்த இடத்தில் பிள்ளை தடுக்கி விழும் என்று முன்கூட்டியே அறிந்து அந்த இடத்தில் கை கொடுப்பது. எங்கள் பாடக்குறிப்பும் அப்படித்தான் இருக்கவேண்டும்.

இலக்கண சந்திரிகை, வினைப்பகுதி விளக்கம் என்ற இரண்டும் இலக்கணம் பயில்வோருக்கானவை. அம்மப்பா சொன்னது இரண்டாவதை. இலக்கியச் சொல்லகராதி, பழைய நூல்களைப் படிக்கும்போது இடறும் சொற்களுக்குப் பொருள் தருவது. தமிழ்ப் புலவர் சரித்திரம், படிக்கிற பாட்டைப் பாடிய மனிதர் யார் என்று சொல்வது. வகுப்பில் மாணவனுக்கு எழும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொரு நூலாக ஆக்கிவிட்டார் போல இருக்கிறது.

வடமொழியில் இருந்து மேகதூதத்தைத் தமிழ்ச் செய்யுளாக்கினார். இதோபதேசத்தையும் தமிழாக்கினார். இந்த இதோபதேசத்தின் கதை ஆரம்பப் பிரிவு ஆசிரியர் எவருக்கும் பிடிக்கும். பாடலிபுத்திர அரசனுக்குப் படிப்பே ஏறாத பிள்ளைகள். எந்த ஆசிரியராலும் அவர்களை வழிப்படுத்த முடியவில்லை. விஷ்ணுசர்மன் என்ற பண்டிதர் ஆறு மாதத்தில் நீதி கற்பிக்கிறேன் என்று பொறுப்பேற்கிறார். கற்பித்தது நூலை மனனம் செய்வித்து அல்ல. காகம், மான், நரி, ஆமை என்று கதை கதையாகச் சொல்லித்தான். எங்கள் கல்லூரியில் கதைவழிக் கற்பித்தல் என்று தனி அலகே உண்டு. பாடம் எடுத்தபோது வேறு நாட்டு உதாரணங்கள்தான் என் கொப்பியில் ஏறின. இந்த நூலைத் தமிழாக்கிய ஆசிரியர் இரண்டு தெருவுக்கு அப்பால் வாழ்ந்தவர் என்பது எனக்குத் தெரியாது.

1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது புலவர் அதனோடு தொடர்பு வைத்தார். அதன் செந்தமிழ் இதழில் எழுதினார். பள்ளிக்கூட வேலை முடிந்த பிறகு எழுதுவது, எழுதியதை மறுநாள் வகுப்பில் சொல்லிப் பார்ப்பது என்று இரண்டும் ஒன்றையொன்று வளர்த்திருக்க வேண்டும். படிப்பிப்பவர் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று எங்களுக்கும் சொல்கிறார்கள். பதிவேடுகளும் படிவங்களும் நிரப்பி முடித்த பிறகு எத்தனை பேருக்கு அதற்கு நேரம் கிடைக்கிறது என்பது வேறு கதை.

ஒரு மாணவர் வழியே ஆயிரம் வகுப்பறைகள்

புலவரின் மாணவர்களில் இருவரைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது.

ஒருவர் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர். பொன்னம்பலபிள்ளையிடம் படித்து, அவருடைய மறைவுக்குப் பிறகு குமாரசுவாமிப் புலவரிடம் வந்து பாடம் கேட்டவர். 1921இல் சதாசிவ ஐயர் முன்னின்று சுன்னாகத்தில் பிராசீன பாடசாலையைத் தொடங்கியபோது கணேசையர் அங்கே படிப்பித்தார். ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் பால பண்டிதர், பண்டிதர் என்று பரீட்சைகள் நடத்தத் தொடங்கிய காலம் அது. பிறகு கணேசையர் தொல்காப்பியத்துக்கு எழுதிய உரை விளக்கக் குறிப்புகளை, ஈழகேசரிப் பத்திரிகையை நடத்திய நா. பொன்னையா 1937இல் இருந்து பகுதி பகுதியாக வெளியிட்டார். அவை அச்சேறியதும் சுன்னாகத்தில், திருமகள் அழுத்தகத்தில்தான்.

மற்றவர் மட்டுவிலில் பிறந்த சி. கணபதிப்பிள்ளை. 1917இல் வண்ணார்பண்ணை நாவலர் காவிய பாடசாலைக்கு அவர் வந்தபோது வயது பதினெட்டு. புலவருக்கு அறுபத்து மூன்று. கண்ணும் உடலும் ஓய்வு கேட்கிற வயதில் புலவர் இந்த இளைஞர்களுக்குக் காவியம் சொன்னார். கணபதிப்பிள்ளை பின்னர் மதுரைத் தமிழ்ச் சங்கப் பரீட்சையில் தேறிப் பண்டிதரானார். நாங்கள் பண்டிதமணி என்று சொல்வது அவரைத்தான்.

இங்கேதான் கதை ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறது. சைவப் பாடசாலைகளைப் பெருக்குவதற்காக 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் உருவானது. இந்து போர்ட் இராசரத்தினம் என்று ஊர் அறிந்த சு. இராசரத்தினம் அதன் உயிராக இருந்தார். பாடசாலைகள் எழுந்தால் ஆசிரியர்கள் வேண்டும். திருநெல்வேலியில் சைவாசிரிய கலாசாலை வந்தது. 1929இல் அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்த பண்டிதமணி 1959 வரை முப்பது வருடம் இருந்தார். வருடந்தோறும் பயிற்சி முடித்து வெளியேறியவர்கள் ஊர் ஊராகப் போய்க் கீழ் வகுப்புகளில் தமிழ் படிப்பித்தார்கள். என் அம்மப்பாவும் அவர்களில் ஒருவர்.

பயிற்சிக் கலாசாலை ஒன்றின் வாசலை மிதிக்காத மனிதரிடம் கேட்ட பாடம், ஒரு மாணவர் வழியாகக் கலாசாலைக்குள் புகுந்து, அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிராமப் பள்ளிகளுக்குப் போய்விட்டது. புலவர் இதில் எதையும் பார்க்கவில்லை. அவர் 1922 மார்ச் 23 அன்று, அறுபத்தெட்டு வயதில் காலமானார். அடுத்த வருடம் கோப்பாயில் அரசினர் ஆசிரிய கலாசாலை தொடங்கியது. ஒரு காலம் முடிந்து இன்னொரு காலம் தொடங்கிய இடம் அது.

எல்லோருக்கும் திறக்காத கதவு

பெருமையை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது முழுக்கதை ஆகாது. புலவர் வாழ்ந்த அந்தக் கல்வி உலகின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கு அந்தக் காலச் சைவப் பாடசாலைகளில் இடம் கிடைப்பது அரிது. இடம் கொடுத்த பாடசாலைகளிலும் அவர்களை நிலத்தில் இருத்தினார்கள். 1930ஐ ஒட்டிய வருடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற நிலை வந்தபோது, யாழ்ப்பாணத்தில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது, பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்ததும் நடந்தது. பண்டிதர் வீட்டுத் திண்ணையில் இருந்து பாடம் கேட்கும் வாய்ப்பு பெண்களுக்கும் இருக்கவில்லை. 1878இல் நான் இதே ஊரில் பிறந்து வளர்ந்திருந்தால் முருகேச பண்டிதரிடமோ குமாரசுவாமிப் புலவரிடமோ நன்னூல் கேட்டிருக்க முடியாது.

அந்த வகையில் பயிற்சிக் கலாசாலையும் கல்வியியற் கல்லூரியும் செய்தது பெரிய காரியம். விண்ணப்பப் படிவம், புள்ளி, நேர்முகம் என்று வந்தபிறகு, பண்டிதர் ஒருவருக்கு உறவினராகவோ அயலவராகவோ இருக்கத் தேவையில்லை. என்னோடு படித்த பிள்ளைகள் மலையகத்தில் இருந்தும் வன்னியில் இருந்தும் வந்தார்கள். அந்தத் திண்ணையை நினைத்து ஏங்குகிறவர்கள் இதையும் நினைக்கவேண்டும்.

ஆனால் கதவு அகலத் திறந்தபோது ஒன்று பின்னுக்குப் போய்விட்டது. எங்களுக்கு எப்படிப் படிப்பிப்பது என்று விரிவாகச் சொல்லித் தந்தார்கள். எதைப் படிப்பிக்கிறோமோ அதை ஆழமாக அறிவதற்கு, தெரிந்த ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து ஒரு நூலை முழுதாகப் படிப்பதற்கு, நேரம் குறைந்துவிட்டது. ஆரம்பப் பிரிவுதானே, இதற்கு இவ்வளவு அறிவு எதற்கு என்று நினைப்பவர்களும் உண்டு. சின்னப் பிள்ளைகளின் கேள்விதான் மிகக் கடினமானது. அவர்கள் பரீட்சைக்கு வருமா என்று பார்த்துக் கேட்பதில்லை.

அடுத்த திங்கட்கிழமை

அன்று இரவு அம்மப்பாவும் நானும் நன்னூலை வைத்துக்கொண்டு இருந்தோம். அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும் அந்தப் பிள்ளையை எழுப்பி, அன்று உன்னை இருக்கச் சொன்னது என் பிழை என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். பிறகு கரும்பலகையில் மூன்று சொற்களையும் பிரித்துக் காட்டினேன். நடந்து முடிந்ததைக் காட்ட ஓர் எழுத்து வந்து ஒட்டுகிறது. கற்றான், நின்றான் இரண்டிலும் அது ற். சொன்னானில் ன். அது வந்து சேரும்போது முன்னால் நிற்கும் ல் தன் உருவை மாற்றிக்கொள்கிறது. கல் கற் ஆகிறது, நில் நின் ஆகிறது, சொல் சொன் ஆகிறது.

எத்தனை பிள்ளைகளுக்கு விளங்கியதோ தெரியாது. கேட்ட பிள்ளை மட்டும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் செல், வெல் என்று தானாகவே எழுதி, சென்றான், வென்றான் என்று மாற்றிப் பார்த்து, இவை இரண்டும் நில் போனபாட்டில் போகின்றன என்று என்னிடம் கொண்டுவந்து காட்டியது. பாடக்குறிப்பில் அந்தச் செயற்பாடு இருக்கவில்லை.

இப்போது என் பாடசாலைக்கும் கட்டுறு பயிற்சிக்கு இளம் ஆசிரியைமார் வருகிறார்கள். அவர்களுடைய பாடக்குறிப்பைப் பார்த்துக் கையொப்பம் வைக்கும்போது ஒன்று கேட்பேன். இந்தப் பாடத்தில் பிள்ளை என்ன கேட்டால் உங்களுக்கு மறுமொழி தெரியாமல் போகும்? முதலில் திகைப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். சிலர் மறுநாள் ஒரு புத்தகத்தோடு வருவார்கள். அவர்களுக்குத்தான் குமாரசுவாமிப் புலவரின் கதையைச் சொல்லுவேன்.